வன்னியில் இலையுதிர்காலக் கலியாணம்: நாள் குறிப்பதிலிருந்து நாலாம் சடங்கு வரை

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் பெறாமகள் ஒருநாள் போனில் கேட்டாள்: "சித்தப்பா, எங்கட கலியாணத்தை ஃபோல் சீசனிலதான் வைக்கோணும். ஆனா கிளிநொச்சியில வைக்கோணும். நடக்குமா?"

அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும்தான் கலியாணம் கட்டுகிறார்களாம். கோடை வெக்கை போய்விடும், பனி இன்னும் கொட்டத் தொடங்கியிருக்காது. மேப்பிள் இலைகள் சிவந்து நிற்பதால் படங்கள் தாமாகவே அழகாக வரும். உடுப்பு வியர்வையில் ஒட்டாது. எல்லாம் சரி. வன்னியில் மேப்பிள் ஏது? எங்களிடம் இருப்பது வரட்சியில் இலை கொட்டி நிற்கும் முதிரைக் காடும், வெட்டி முடிந்த வயலும், அதற்குப் பிறகு ஒரேயடியாக இறங்கும் மாரி மழையும்தான். அதைச் சொன்னேன். "அது போதும் சித்தப்பா" என்றாள்.

அந்தக் கலியாணத்தையும், அதற்கு முன்னும் பின்னுமாக வீட்டில் இன்னும் இரண்டு கலியாணங்களையும் ஒழுங்குபடுத்தியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து கலியாணம் வைப்பவர்களுக்கும், வேறு ஊரிலிருந்து வன்னிக்குப் புதிதாக வந்து சம்பந்தம் செய்பவர்களுக்கும் இது உதவும். வன்னி என்று நான் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் எல்லாவற்றையும் சேர்த்து.

முதல் வேலை: மாதத்தின் பெயரைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சிரிக்க வேண்டாம், பெரிய குழப்பமே இங்கேதான். எங்கள் ஊர்களில் ஓகஸ்ட் என்று சொல்வதில்லை, ஆவணி என்போம். செப்டெம்பர் புரட்டாதி, ஒக்டோபர் ஐப்பசி, நவம்பர் கார்த்திகை. மடு மாதா திருவிழாவை "ஆவணி 15" என்றால் அது ஓகஸ்ட் 15. ஆனால் சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் பார்த்து "ஆவணி 12" என்றால் அது ஓகஸ்ட் 28 அளவில் வரும். பஞ்சாங்க ஆவணி ஓகஸ்ட் 17 அளவில் பிறந்து செப்டெம்பர் நடுவில்தான் முடியும். ஒரே பெயரில் இரண்டு மாதங்கள், இடையே பதினாறு நாள் வித்தியாசம்.

எங்கள் வீட்டின் முதற்கலியாணத்தில் இந்தப் பதினாறு நாள் எங்களைக் கவிழ்த்தது. "ஆவணி 12" என்று நான் சொன்னதைக் கேட்டு என் ஒன்றுவிட்ட அண்ணர் ஓகஸ்ட் 12ஐ மனதில் வைத்து ரிக்கெற் போட்டார், லீவும் எடுத்தார். பந்தல் போட முன்னரே வந்து, தாலி கட்ட முன்னரே திரும்பிப் போக வேண்டிய நிலை. ரிக்கெற்றை மாற்றியதற்குக் கட்டிய காசை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். ஆகவே யாரோடு கதைத்தாலும் ஆங்கில மாதம், திகதி, கிழமை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கிழமை முக்கியம். திகதி பிழைத்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

நாள் குறித்தல்

இலையுதிர்காலம் என்று வெளிநாட்டில் சொல்லும் செப்டெம்பர் தொடங்கி நவம்பர் வரையிலான மூன்று மாதங்களைப் பஞ்சாங்கத்தில் விரித்தால் ஆவணியின் பின்பாதி, புரட்டாதி முழுவதும், ஐப்பசி முழுவதும், கார்த்திகையின் முற்பாதி வரும். இதில் புரட்டாதியைச் சைவக் குடும்பங்கள் பெரும்பாலும் தொடமாட்டா. மகாளயம் அதில்தான், நவராத்திரியும் பெரும்பாலும் அதில்தான். செப்டெம்பர் 17 அளவிலிருந்து ஒக்டோபர் 17 வரை அடித்துவிடுங்கள். ரொறன்ரோவில் இலை நன்றாகச் சிவக்கும் நாட்கள் அவைதான் என்று பெறாமகள் கொஞ்சம் வாடிப்போனாள். என்ன செய்வது!

மிச்சம் இருப்பது இரண்டு துண்டு. ஒன்று ஆவணிக் கடைசி, மற்றது ஐப்பசி. இரண்டையும் ஒரே பார்வையில் அளக்க எனக்கு ஒரு வழி தெரியும்: அந்த ஆண்டு யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோயில் தீர்த்தம் எந்தத் திகதி என்று பாருங்கள்.

நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். தீர்த்தம் ஆவணி அமாவாசையில். வன்னியிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் போகும். அந்த நாட்களில் பாதி வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள், மேளகாரர்கள் கோயில்களுக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள், வான்காரர்களும் நல்லூருக்கே ஓடுவார்கள். கலியாணம் வைக்கக் கூடாது என்றில்லை. ஆனால் வேலைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. தீர்த்தம் முடிந்த மறுநாளிலிருந்து வளர்பிறை, அத்தோடு ஆட்களும் ஓய்ந்திருப்பார்கள். தீர்த்தத்துக்கும் ஆவணி முடிவுக்கும் இடையில் உள்ள நாட்கள்தான் உங்களுக்கு உரியவை.

அது எத்தனை நாள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025இல் தீர்த்தம் ஓகஸ்ட் 22இலேயே முடிந்தது, மூன்று கிழமைக்கு மேல் கிடைத்தது. 2023இல் செப்டெம்பர் 14இல்தான் தீர்த்தம். அதன்பிறகு ஆவணி இரண்டு மூன்று நாள்தான் மிச்சம். அந்தமாதிரி ஆண்டில் ஆவணிக் கடைசியை நம்பாதீர்கள்.

நல்லூர் முந்தினால் ஐப்பசியும் இடம் கொடுக்கும், நல்லூர் பிந்தினால் ஐப்பசியும் இறுகிப்போகும். காரணம் இதுதான். ஆவணி அமாவாசையிலிருந்து இரண்டு அமாவாசை தள்ளி, ஏறத்தாழ 59 நாளில், தீபாவளியை ஒட்டிய ஐப்பசி அமாவாசை. அன்றோடு முடிகிற கேதாரகௌரி விரதத்துக்கு எங்கள் பெண்கள் 21 நாள் விரதம் இருப்பார்கள். அமாவாசை கழிந்த மறுநாளே கந்தசட்டி தொடங்கிவிடும், அது ஆறு நாள். ஆக 27 நாள் தொடர் விரதம். பலகாரம் சுட வரவேண்டிய மாமிமார், சின்னம்மாமார், பக்கத்து வீட்டு அக்காமார் எல்லாரும் ஒருநேரச் சாப்பாட்டோடு இருக்கும் நாட்கள். 2025இல் சூரன் போர் ஒக்டோபர் 27இலேயே முடிந்ததால் பாறணைக்குப் பிறகு நவம்பர் நடுப்பகுதி வரை ஐப்பசி மிச்சம் இருந்தது. 2023இல் சூரன் போரே நவம்பர் 18இல்தான். அதற்குள் ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்துவிட்டது.

கார்த்திகை மாதத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மழை ஒரு காரணம். மற்றது நவம்பர் 21 தொடக்கம் 27 வரையிலான நாட்கள், போரில் இறந்தவர்களை நினைக்கும் மாவீரர் கிழமை. வன்னியில் அந்தக் கிழமை வீட்டுக்கு வீடு விளக்கேற்றும் கிழமை. பிள்ளையை இழந்த ஒரு தாய் அயலில் இல்லாத ஒழுங்கை இங்கே இல்லை. அந்த நாட்களில் மேளம் கொட்ட வேண்டாம் என்று யாரும் உங்களுக்கு எழுத்தில் தரமாட்டார்கள். நீங்களாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பரில் வேலியோரம் பூத்து நிற்கும் கார்த்திகைப் பூவை மணவறைச் சோடனைக்குக் கேட்பதும் அப்படித்தான். அழகான பூ, ஆனால் இங்கே அதற்கு வேறு இடம் இருக்கிறது.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கணக்கு வேறு. புரட்டாதித் தடை இல்லை, ஆகையால் செப்டெம்பர் முழுவதும் உங்களுக்கு. மன்னார்ப் பக்கத்தில் மடுத் திருவிழா முடிந்த கையோடு கலியாணங்கள் தொடங்கும். திருவருகைக் காலம் பிறக்க முன்னர் முடித்துவிடுங்கள். கோயிலில் ஓலை (கலியாண அறிவித்தல்) வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பஞ்சாங்கம் பற்றி ஒரு சொல். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒன்று, பொம்பிளை வீட்டார் மற்றது என்றால் முகூர்த்த நேரம் ஒத்துவராமல் போகலாம். சாத்திரியாரிடம் போக முன்னர் எந்தப் பஞ்சாங்கம் என்று சம்பந்தி வீட்டோடு பேசி முடியுங்கள். இரண்டிலும் சரிவரும் நேரம் கேட்டால் அவரே எடுத்துத் தருவார்.

வயலைப் பார்க்காமல் திகதி எடுக்காதீர்கள்

வெளியிலிருந்து வருபவர்கள் மறக்கும் விசயம் இது. உங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் கமக்காரர். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் போன்ற குளங்களின் கீழே சிறுபோகம் செய்தவர்கள் ஓகஸ்ட், செப்டெம்பரில் வெட்டி எடுப்பார்கள். அப்போது கையில் காசு, வீட்டில் புது நெல், மனதில் ஆறுதல். ஆவணிக் கலியாணத்துக்கு வரும் சனத்தின் முகமே வேறாக இருக்கும்.

ஒக்டோபர் அப்படியில்லை. முதல் மழை விழுந்ததும் காலபோக விதைப்பு. மானாவாரிக் காணிக்காரருக்கு அந்தச் சில நாள் தவறினால் அந்த ஆண்டே தவறியமாதிரி. உழவு மெசின் ஒன்றுகூட உங்களுக்குக் கிடையாது. கதிரை ஏற்றவும் பந்தல் தடி இழுக்கவும் மெசினை நம்பியிருந்தால் வேறு வழி பாருங்கள். அந்த நாட்களில் பெரியப்பா கலியாணத்துக்கு வருவார், தாலி கட்டியதும் வயலுக்கு ஓடிவிடுவார். கோபிக்கக் கூடாது.

மழைக்கு ஒழுங்கு

வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டிவிடும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரியான மழை இல்லை, இதைப் பிரித்தறிந்தால் தப்பலாம். ஒக்டோபரில் வருவது பின்னேர மழை. காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குப் பிறகு கறுத்துக்கொண்டு இடி மின்னலோடு அடித்து, இரவுக்குள் விட்டுவிடும். ஆகவே ஐப்பசிக் கலியாணம் என்றால் காலை முகூர்த்தம் கேளுங்கள், ஒன்பது பத்து மணிக்குள் தாலி கட்டும்படி. பந்தி ஒன்றரைக்குள் முடியட்டும். மாலை வரவேற்பு வைக்க ஆசைப்பட்டால் கட்டாயம் உள்மண்டபத்தில்.

நவம்பர் நடுவுக்குப் பிறகு வருவது வேறு மழை. வாடைக் காற்றோடு நாட்கணக்கில் நிற்கும். அதற்குமேல் புயல்களும் அந்தக் காலத்தில்தான் வரும். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது. 2018 டிசெம்பர் கடைசியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. உள்வீதிகளில் சிறிய பாலங்களுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் மாப்பிள்ளை அக்கரையில், பொம்பிளை இக்கரையில்.

பந்தல் வீட்டில் என்றால் தகரப் பந்தல் போடுங்கள். துணிப் பந்தலுக்கு மேலே படங்கு இழுத்தால் போதும் என்று பந்தல்காரர் சொல்வார். போதாது. படங்கில் தண்ணீர் குளம்போல் தேங்கி, யாரோ ஒருவர் தடியால் குத்த, அது முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். எங்கள் வீட்டின் இன்னொரு கலியாணத்தில் அது இறங்கிய இடம் வீடியோக்காரரின் தலை. சமையல் கொட்டிலுக்கு முதலில் கூரை போடுங்கள், மணவறைக்கு இரண்டாவது. விருந்தாளி நனைந்தால் துடைத்துக்கொள்வார். அடுப்பு நனைந்தால் முந்நூறு பேர் பசியோடு இருப்பார்கள்.

ஆவணிக்கு இதற்கு நேர்மாறான கரைச்சல். சோளகக் காற்றில் செம்மண் புழுதி எழும்பி வெள்ளை வேட்டி பத்து நிமிடத்தில் காவி வேட்டி ஆகிவிடும். முதல் நாளும் அன்று காலையும் முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் கிணறு அந்த மாதத்தில்தான் அடியில் கிடக்கும். தண்ணீர்ப் பவுசரை முன்கூட்டியே சொல்லிவைத்து, சமையலுக்கு ஒன்று, கழுவலுக்கு ஒன்று என்று பிரித்து எடுங்கள். பலர் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

எழுத்து

சட்டப்படியான பதிவைத்தான் இங்கே எழுத்து என்போம். ஐயர் தாலி கட்டுவித்தாலும், விசாவுக்கும் காணிக்கும் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான். இரண்டு பேருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தால், வழமையான முறையில் 12 நாள் பொறுக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் நடந்துவிட வேண்டும், தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. பொறுக்க நேரமில்லை என்றால் விசேட அனுமதி எடுக்கலாம். பதிவாளரை வீட்டுக்கோ மண்டபத்துக்கோ அழைப்பதற்கும் அதுதான் வழி, கட்டணம் கூட.

வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருபவர்களுக்கு இந்த 12 நாள்தான் இடிக்கும். ஊரில் இருப்பவர் முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க முடியுமா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்னென்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்பதை உங்கள் பிரதேச செயலகத்தில் மூன்று மாதத்துக்கு முன்னரே நேரில் கேளுங்கள். போனில் கேட்டால் ஒரு பதில், நேரில் கேட்டால் இன்னொரு பதில் கிடைத்த அனுபவம் எனக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துப் பின்னர் பிரதி எடுத்த குடும்பங்களில் இந்தச் சிக்கல் நிறைய.

வீடா மண்டபமா

வளவு பெரிதாக இருந்தால் ஆவணியில் வீடு. ஐப்பசியில் மண்டபம். இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. மண்டபம் பார்க்கப் போகும்போது மேடையையும் மின்விளக்கையும் பார்த்து மயங்காமல் பின்பக்கம் போய் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஜெனரேற்றர் இருக்கிறதா, வாகனம் நிற்கும் இடம் களிமண்ணா கிரவலா என்று பாருங்கள். களிமண் என்றால் ஒரு மழைக்குப் பிறகு ஹையேஸ் வானைத் தள்ளுவதற்கு மாப்பிள்ளைத் தோழனும் இறங்க வேண்டிவரும். முற்பணம் கொடுத்தால் துண்டு வாங்குங்கள். மேளம், மணவறை, சமையற்காரர், படப்பிடிப்பு, இந்த ஒழுங்கில் பதியுங்கள். மேளம் கிடைக்காமல் போனால்தான் கலியாணமே தள்ளிப்போகும்.

சடங்குகள், வரிசைப்படி

கலியாணத்துக்கு முன்னுள்ள நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல். தாலிக்குரிய பொன்னை ஆசாரியார் உருக்குவார். அன்றே இரண்டு வீட்டிலும் கன்னிக்கால் ஊன்றுவார்கள், முள்முருக்கந் தடியில். பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். வெளிநாட்டுச் சோடிகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். "கலியாணத்துக்கு முதல்நாள் இரணைமடுக் குளக்கட்டில் போட்டோ எடுப்பம்" என்று அவர்கள் திட்டம் வைத்திருப்பார்கள், அம்மம்மா வாசலில் குறுக்கே நிற்பார். படத்தைப் பொன்னுருக்கலுக்கு முன்னர் எடுத்து முடியுங்கள்.

பிறகு பலகாரச் சூடு. நாள் பார்த்து அடுப்பு மூட்டி, முதல் பலகாரத்தைச் சுமங்கலிப் பெண்கள் போடுவார்கள். அரியதரம், பயத்தம் பணியாரம், முறுக்கு, சிப்பி, கொக்கிஸ் எல்லாம் எந்த மாதத்துக்கும் பொது. ஆவணிக்கு மட்டும் உரியது பனங்காய்ப் பணியாரம். பனம்பழம் விழும் காலம் அது. விடியற்காலையில் பனங்கூடலில் பொறுக்கி, சுட்டு, களி பிழிந்து, அன்றே போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கிழடுகட்டைகள் கலியாணச் சாப்பாட்டை மறந்தாலும் இந்தப் பணியாரத்தை மறக்க மாட்டார்கள். என் பெறாமகளின் மாமியார் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போனார். இலையுதிர்காலத்தில் இங்கே உண்மையில் உதிர்வது பனம்பழம்தான் என்று அவருக்குச் சொன்னேன்.

கலியாண நாளன்று மாப்பிள்ளைக்குப் பாலும் அறுகும் வைத்துத் தோய வார்த்து, தலைப்பாகை கட்டி வெளிக்கிடுவார்கள். கூறையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டும். மணவறையில் நடப்பதை ஐயர் பார்த்துக்கொள்வார், நான் விளக்கத் தேவையில்லை. நேரத்தை மட்டும் அவரிடம் முன்னரே பேசுங்கள். சுருக்கமாகச் செய்யட்டுமா விரிவாகச் செய்யட்டுமா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

கலியாணச் சாப்பாடு சைவம். மரக்கறிக்கு ஆவணி கொஞ்சம் விலை ஏறின மாதம், பூசணிக்காயும் வாழைக்காயும் கைகொடுக்கும். எருமைத் தயிர் வன்னியில் கிடைக்கும், முட்டியாகச் சொல்லிவையுங்கள். முதல் பந்தியில் வயல்காரரையும் தூரம் போகிறவர்களையும் இருத்துங்கள்.

பயணம்

கட்டுநாயக்காவில் இறங்கினால் கிளிநொச்சிக்கு வாகனத்தில் ஆறேழு மணித்தியாலம். இரவு இறங்கி உடனே ஏறி வராதீர்கள், சாரதியும் மனிதர்தான். சென்னையால் வருபவர்களுக்குப் பலாலி வசதி. அந்த விமான நிலையம் 2019இல் திரும்பத் திறந்தது. ஏ9 வீதியில் வரும் எந்தக் கலியாண வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று தேங்காய் அடிக்காமல் போகாது, கச்சான் வாங்காமலும் போகாது. அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டே நேர அட்டவணை போடுங்கள்.

ஏ9ஐ விட்டு உள்ளே, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் கலியாணம் என்றால் இருட்ட முன்னர் விருந்தாளிகளை அனுப்பிவிடுங்கள். காட்டோர வீதிகளில் யானை நிற்கும். கோர்ன் அடித்து விலத்தலாம் என்று நினைக்க வேண்டாம், லைற்றைத் தணித்துவிட்டுத் தூரத்திலேயே நில்லுங்கள். சேதி தெரியாமல் வந்த கொழும்புச் சாரதி ஒருவர் யானையை முந்தப் பார்த்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

படம்

இலையுதிர்காலப் படம் வேண்டுமென்றே வந்தவர்களுக்கு: பொன்னிறம் வேண்டுமானால் ஆவணி. சிறுபோகம் விளைந்த வயல் வெட்ட முன்னர் ஒரு பத்து நாள் மஞ்சளாகக் கிடக்கும், காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போங்கள். எந்த வயல் எப்போது வெட்டு என்று காணிக்காரரிடம் கேட்டு, வரம்பில் மட்டும் நடங்கள், கதிருக்குள் சேலையோடு இறங்காதீர்கள். ஐப்பசியில் வயல் உழுது கறுத்துக் கிடக்கும். அப்போது வானத்தை எடுங்கள், மழைமுகில் ஏறிய வானம்போல் வெளிச்சம் வேறெங்கும் கிடையாது. பச்சை வேண்டுமென்றால் விதைத்து மூன்று நான்கு கிழமை பொறுக்க வேண்டும், அது கார்த்திகைக்குள் இழுத்துவிடும்.

ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுக்க வேண்டும். அதைப் படப்பிடிப்பாளர் எடுத்தாரா என்று கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகாம்கள் உள்ள பக்கம் படமே எடுக்காமல் விடுவது நல்லது. காட்டுக்குள் அறிமுகமில்லாத ஒற்றையடிப் பாதையில் அழகு தேடிப் போகவும் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள்.

நாலாம் சடங்கு

கலியாணத்துக்கு நாலாம் நாள் வைக்கும் சடங்கு இது, மச்சச் சாப்பாடு அன்றைக்குத்தான். ஆட்டிறைச்சி, முல்லைத்தீவு மீன், நண்டு, இறால். வெளிநாட்டு மாமா ஒருவர் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு "மரை வத்தல் கிடைக்காதோ" என்று கேட்பார். காது கேட்காதமாதிரி இருங்கள். காட்டு மிருகம் சட்டப்படி குற்றம், கலியாண வீட்டுக்குப் பொலிசு வருவது நல்ல சகுனமும் அல்ல. நல்லூர் முடிய முன்னர் கலியாணம் வைத்தவர்கள் நாலாம் சடங்கையும் மரக்கறியோடு செய்துவிட்டுப் பேச்சு வாங்குவார்கள், திகதி எடுக்கும்போது இதையும் நினையுங்கள்.

கதிரை, கிடாரம், சருவச்சட்டி எல்லாவற்றையும் எடுத்தபோது எண்ணியமாதிரித் திருப்பும்போதும் எண்ணுங்கள். மொய்க் கொப்பியை ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள்.

கன்னிக்கால் தடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். ஐப்பசியில் நட்டது என்றால் மழைக்குத் தானே தளிர்த்துவிடும். ஆவணியில் நட்டதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைப் பிடியுங்கள், சோடி விமானம் ஏறிய பிறகும். என் பெறாமகளின் தடிக்கு என் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டுபோய் ஊற்றி முதல் மழைவரை சமாளித்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரொறன்ரோவிலிருந்து போன் வரும், "சித்தி, துளிர்த்திட்டுதோ?" என்று. ஐப்பசி கடைசியில் மூன்று இலை விட்டது. படம் எடுத்து அனுப்பினோம். அங்கே அப்போது மேப்பிள் எல்லாம் கொட்டி முடிந்துவிட்டதாம்.